பத்து வயதின் படமும் நாற்பது வயதின் கடிகாரமும்

2008 அக்டோபர் 24 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ‘ஹைஸ்கூல் மியூசிக்கல் 3: சீனியர் இயர்’ வெளியானது. ஓடும் நேரம் 112 நிமிடம். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘ஜி’ தரச்சான்று பெற்ற படம் அது. பெரியவர் துணையோடுதான் வரவேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆனால் அமெரிக்கப் புறநகர்களில் காரில்லாமல் மல்டிபிளெக்ஸ் போய்ச் சேர்வது கடினம். பத்து வயதுப் பிள்ளையால் கார் ஓட்டவும் முடியாது. ஆகவே பிள்ளைக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் கூடவே பெரியவர் ஒருவருக்கும் எடுக்க வேண்டியிருந்தது. அப்பா, சித்தி, தாத்தா, மாமா என்று யாரோ ஒருவர் பக்கத்து இருக்கையில் அகப்பட்டுக்கொண்டார். முதல் மூன்று நாளில் அந்தப் படம் வட அமெரிக்காவில் ஈட்டிய சுமார் 4.2 கோடி டாலரில் இந்த அகப்பட்டவர்களின் காசும் சேர்த்தி.

இருவரும் பார்ப்பது ஒரே திரை, கேட்பது ஒரே ஒலி. பிள்ளை இருக்கையின் நுனியில் இருக்கிறது. பெரியவர் கண் கைக்கடிகாரத்தில் இருக்கிறது. தன் ரசனை உயர்ந்தது, அதனால்தான் போரடிக்கிறது என்று பெரியவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ரசனைக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளரும் நரம்பியலாளரும் திரட்டிய சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வயதின் கணக்கு என்று தெரிகிறது.

இந்த வகைப் படங்கள் குறிவைப்பது 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை. ஆங்கிலத்தில் இவர்களை ‘ட்வீன்’ என்பார்கள். குழந்தைக்கும் டீனேஜருக்கும் நடுவில் நிற்பவர் என்று பொருள். இப்படியொரு பருவம் இருப்பதைத் தாங்களே கண்டுபிடித்ததாக விளம்பர உலகம் நினைத்துக்கொண்டிருக்கலாம். தமிழின் உலா இலக்கியம் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்தபோது 8 முதல் 11 வயது வரையிலானதற்குப் ‘பெதும்பை’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டது.

‘ஹைஸ்கூல் மியூசிக்கல்’ வரிசையின் முதல் படம் டிஸ்னி சேனல் என்ற தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில், உண்மையிலேயே பிள்ளைகள் படிக்கும் ஈஸ்ட் ஹைஸ்கூல் கட்டடத்தில் படப்பிடிப்பு. செலவு சுமார் 42 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. இயக்குநர் கென்னி ஓர்ட்டேகா, ‘டர்ட்டி டான்சிங்’ படத்துக்கு நடனம் அமைத்தவர். 2006 ஜனவரி 20 அன்று நடந்த முதல் ஒளிபரப்பை 77 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாளே பாடல் வரிகள் திரையில் ஓடும் பதிப்பு ஒளிபரப்பானது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டு இந்தப் படத்தினுடையதுதான். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தின் முதல் ஒளிபரப்பை 1.7 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மூன்றாம் பாகம் திரையரங்குக்கு வந்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

கதையைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவன் ட்ராய். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரி கேப்ரியெல்லா. இருவருக்கும் பாட ஆசை. அவரவர் கோஷ்டிக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். காதல் உண்டு, ஆனால் நாயகனும் நாயகியும் முதல் முத்தத்துக்கு இரண்டாம் படத்தின் முடிவுவரை காத்திருக்க வேண்டும். முதல் படத்தில் நாயகன் ஜாக் எஃப்ரானின் பாட்டுக் குரலில் பெரும்பகுதி ட்ரூ சீலி என்ற இன்னொருவருடையது என்பது பின்னால் அங்கே பேசுபொருளானது. பின்னணிப் பாடகர் இல்லாத சினிமாவை அரிதாகவே பார்த்திருக்கும் தமிழ் வாசகருக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது என்று தோன்றும்.

திரையில் இருப்பவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பாத்திரங்கள். உண்மையான பதினெட்டு வயதுக்காரர்களுக்காக இந்தப் படம் எடுக்கப்படவில்லை. அந்த வயதை எட்டிப் பார்க்கும் ஒன்பது வயதுக்காரிக்காக எடுக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி எப்படி இருக்கும், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கோஷ்டியை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்கு இனிமேல் வரப்போகும் பரீட்சையின் கேள்விகள். பெரியவர் அந்தப் பரீட்சையை எழுதி முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விடை தெரிந்த கேள்வியை ஒருவர் பாட்டாகப் பாடி விளக்கும்போது வரும் அலுப்பு அவருடையது.

பாட்டுக்கு வருவோம், சங்கதி அங்கேதான் இருக்கிறது. இசை கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த நொடியில் எந்தச் சுரம் வரும், தாளம் எங்கே விழும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வலரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தங்களுக்கு மெய்சிலிர்ப்பைத் தரும் இசையைக் கேட்டவர்களின் மூளையில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டு கட்டமாகச் சுரந்தது. உச்சம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் வேளையில் காடேட் என்ற பகுதியில். உச்சம் வந்தவுடன் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில். பாட்டின் இன்பத்தில் ஒரு பகுதி, வரப்போவதை எதிர்பார்த்திருப்பதில் கிடைக்கிறது.

ஊகம் எப்போது பலித்தால் சுகம், எப்போது பொய்த்தால் சுகம்? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வின்சென்ட் சியூங் தலைமையிலான குழு 2019இல் இதற்கு விடை தேடியது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இடம்பிடித்த 745 பாடல்களிலிருந்து 80,000 கார்டுகளை எடுத்தார்கள். கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது. கிட்டார் கற்கப் போகும் பிள்ளை முதலில் பழகுவது அதைத்தான். மெட்டையும் வரிகளையும் நீக்கிவிட்டுக் கார்டு வரிசையை மட்டும் கேட்கவைத்தார்கள். அடுத்தது என்ன என்று கேட்பவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும் இடத்தில், அதை மீறி வேறொன்று வந்தால் இன்பம் கூடியது. என்ன வரும் என்றே பிடிபடாத இடத்தில், எதிர்பாராதது ஏதும் வராமல் இருந்தால் இன்பம் கூடியது. குழப்பத்தில் இருப்பவருக்கு நிம்மதி வேண்டும். தெளிவாக இருப்பவருக்கு ஓர் அதிர்ச்சி வேண்டும்.

ட்வீன் இசைப்படத்தின் பாட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நான்கே கார்டுகள் சுற்றிச் சுற்றி வரும். பல்லவி இரண்டு தடவை வந்தபின் சின்ன இடைவெளி, தாளம் நின்று குரல் மட்டும் ஒலிக்கும், பிறகு சுருதி ஒரு படி மேலே ஏறிக் கூட்டமாகப் பல்லவி. பத்து வயதுப் பிள்ளை வாழ்நாளில் கேட்ட பாடல்கள் குறைவு. அதன் மனத்தில் பாப் பாட்டின் இலக்கணம் இப்போதுதான் எழுதப்படுகிறது. ஓரளவு ஊகிக்க முடிகிறது, ஊகம் பலிக்கிறது; சுருதி ஏறும் இடத்தில் உண்மையாகவே ஆச்சரியம் காத்திருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு அந்தச் சுருதி ஏற்றம் ஆயிரம் பாட்டில் கேட்ட தந்திரம். ஏறப்போகிறது என்று நான்கு அடி முன்பே தெரியும், ஏறியபின் ஆச்சரியமும் இல்லை. லைப்சிக் ஆய்வு சொல்லும் இரண்டு இன்பத்தில் ஒன்றும் அவருக்கு வாய்ப்பதில்லை.

கனடிய உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1971இல் எழுதிய நூலில் இதையே ஒரு கோடாக வரைந்துகாட்டினார். கலைப்படைப்பின் சிக்கல் கூடக்கூட விருப்பம் ஏறும், உச்சி தொடும், பிறகு இறங்கும். தலைகீழாகக் கவிழ்த்த ‘யூ’ எழுத்தைப் போல. மிக எளிதானது சலிக்கிறது, மிகச் சிக்கலானது விரட்டுகிறது. எது எளிது என்பது பாட்டை மட்டும் பொறுத்ததன்று. கேட்பவரின் பழக்கத்தையும் பொறுத்தது. பிள்ளை நிற்கும் இடம் உச்சிக்கு அருகில். பெரியவர் நிற்கும் இடம் சரிவின் அடியில். நாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்பை விரும்புகிறார்கள் என்பதை ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்தில் ஜூலி மெனெல்லா நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார். பதின்பருவத்தின் நடுவில் அந்த அளவு குறைந்துவிடுகிறது. அத்தைக்குத் திகட்டும் பஞ்சுமிட்டாய் மருமகளுக்குச் சரியான இனிப்பாகவே இருக்கிறது.

ஒரே படத்தை ஐந்தாம் முறை பார்க்கவேண்டும் என்று பிள்ளை அடம்பிடிப்பதும் இங்கிருந்தே புரிகிறது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியின் ஒரே பகுதியை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் தொடர்ந்து போட்டுக்காட்டினார்கள். ஆர்வம் வடியவில்லை. திரையில் கேட்கும் கேள்விக்குக் கத்திப் பதில் சொல்வது நாளுக்கு நாள் கூடியது. தெரிந்துவிட்டது என்ற பெருமையே அங்கே விளையாட்டு. ட்வீன் வயதுப் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றாலும் வரி மனப்பாடம், ஆட்டம் மனப்பாடம் என்ற இன்பத்தை இன்னும் விட்டபாடில்லை. முதல் படம் ஒளிபரப்பான மறுநாளே வரிகளைத் திரையில் ஓடவிட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவரையும் ஓரளவுக்கு வசப்படுத்தும். ராபர்ட் சையன்ஸ் 1968இல் நடத்திய சோதனைகளில், பொருள் தெரியாத சொற்களையும் சீன எழுத்து போன்ற குறிகளையும் வெவ்வேறு எண்ணிக்கையில், அதிகபட்சம் 25 தடவை வரை காட்டினார். அதிகம் கண்ணில் பட்டவை அதிகம் பிடித்துப்போயின. காரில் வாரக்கணக்கில் ஓடும் இசைத்தட்டு, அதை வெறுக்கும் மாமாவின் மனத்திலும் இடம்பிடிப்பது இப்படித்தான். பெர்லைனின் கோடு இதற்கும் பொருந்தும் என்பதால் ஒரு கட்டத்துக்குமேல் கேட்டால் பிடித்ததும் கசக்கும்.

இசை ரசனையில் சகவயதினரின் பங்கு பெரிது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் 12 முதல் 17 வயது வரையுள்ள 27 பேரை, மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் படுக்கவைத்து, மைஸ்பேஸ் தளத்திலிருந்து எடுத்த, அதிகம் அறியப்படாத 120 பாடல்களின் 15 நொடித் துண்டுகளைக் கேட்கவைத்தார். முதலில் அவர்களாக மதிப்பெண் போட்டார்கள். பிறகு அந்தப் பாட்டு ஊரில் எவ்வளவு பிரபலம் என்று காட்டியதும் பலர் மதிப்பெண்ணை மாற்றினார்கள். அப்படி மாற்றிக்கொள்ளும் போக்கு உள்ளவர்களிடம், பதற்றத்தோடு தொடர்புள்ள இன்சுலா போன்ற பகுதிகள் கூடுதலாக இயங்கின. கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதில் இன்பத்தைவிட, சேராவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் பெரிதாக இருக்கலாம் என்று 2010இல் வெளியான அந்தக் கட்டுரை ஊகித்தது.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. ஆய்வு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு பெர்ன்ஸ் தன் பிள்ளைகளோடு ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப்போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். போட்டியாளர் ஒருவர் ‘அப்பாலஜைஸ்’ என்ற பாட்டைப் பாடினார். தன் சோதனையில் யாருக்கும் தெரியாத பாட்டாக இருந்தது இப்போது நாடறிந்த பாட்டாகிவிட்டதை அவர் கவனித்தார். பழைய ஸ்கேன்களை எடுத்துப் பின்னாளின் விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டார். பிள்ளைகள் வாயால் சொன்ன விருப்பத்துக்கும் விற்பனைக்கும் தொடர்பில்லை. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் இயக்கத்துக்கும் விற்பனைக்கும் சிறிதளவு தொடர்பு இருந்தது. இது 2012இல் வெளிவந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டு நிகழ்ச்சி பார்த்த அப்பாக்களில் ஆய்வுக்கட்டுரையோடு எழுந்தவர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குரல் பற்றிய இன்னோர் ஆய்வு இந்த வயதின் நிலையை நுட்பமாகச் சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் குழு, பொருளற்ற சொற்களைத் தாயின் குரலிலும் முன்பின் அறியாத பெண்களின் குரலிலும் பிள்ளைகளுக்கு ஒலிக்கவிட்டது. 7 முதல் 12 வயதுக்காரர்களின் மூளையில் இன்பம் சார்ந்த பகுதிகள் தாயின் குரலுக்கே கூடுதலாக விழித்தன. 2022இல் வெளியான அடுத்த கட்டத்தில் 13 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. புதிய குரல்களே அவர்களை ஈர்த்தன. வீட்டை விட்டு வெளியுலகில் தன் கூட்டத்தைத் தேடப்போகும் விலங்குக்கு இது தேவையான மாற்றம். ட்வீன் பருவம் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முந்தையது. கண் டீனேஜ் நட்சத்திரத்தின் மேல் இருக்கிறது. கை இன்னும் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு, மூன்று ஆண்டில் இதே பிள்ளை, பெரியவர் கூட வருவதையே விரும்பாது.

இனிப் பக்கத்து இருக்கை. பெரியவருக்குப் பிடித்த இசை எப்போதோ முடிவாகிவிட்டது. மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 1989இல் 16 முதல் 86 வயது வரையுள்ள 108 பேருக்கு, 1932இலிருந்து 1986 வரை வெளியான 28 பாடல்களை ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்டார்கள். ஒருவருக்கு மிகவும் பிடித்த பாடல்கள், சராசரியாக அவருக்கு 23.5 வயது நடந்தபோது வெளியானவை. நினைவிலும் இத்தகைய மேடு உண்டு: பதின்ம வயது முதல் இருபதுகள் வரையிலான நிகழ்ச்சிகளை முதியவர்கள் மற்ற வயதினவற்றைவிட அதிகமாக நினைவுகூர்கிறார்கள். அந்த மேட்டுக்கு வெளியே வரும் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விருந்தாளியாகத்தான் நிற்கவேண்டும்.

இப்போது சலிப்பு. டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஈஸ்ட்வுட் 2012இல் தந்த விளக்கப்படி, மனநிறைவு தரும் எதிலாவது ஈடுபட விரும்பியும் ஈடுபட முடியாமல் தவிக்கும் நிலைதான் சலிப்பு. சோம்பலிலிருந்து இது வேறுபடுவது இந்த விருப்பத்தில்தான்: சோம்பேறிக்கு எதையும் செய்ய ஆசையில்லை, சலிப்பில் இருப்பவருக்கு ஆசை கொதிக்கிறது. கவனம் ஒட்டிக்கொள்ள இடம் தேடி அலைகிறது. வீட்டில் என்றால் எழுந்துபோய்த் தேநீர் போடலாம். திரையரங்கில் இருட்டு, வரிசையின் நடுவில் இடம், அலைபேசியை எடுத்தால் பின்வரிசை முறைக்கும். வெளியேற வழியில்லாத இடத்தில்தான் சலிப்பு முழு வளர்ச்சி அடைகிறது.

அதன் வலிமையைக் காட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமத்தி வில்சன் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றே போதும். வெற்று அறையில் 15 நிமிடம் தனியே சிந்தித்துக்கொண்டு உட்காரவேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் தனக்குத்தானே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்து, இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். ஒருவர் 190 தடவை அழுத்தியதால் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இசைப்படம் வெற்று அறையைவிட எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சலிப்பின் கண்கூடான விளைவு, நேரம் நீள்வது. வயதுக்கும் காலத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பழைய கருத்து ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பால் ஜானே 1877இல் முன்வைத்து, வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தன் உளவியல் நூலில் எடுத்துப் பேசியது: பத்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு, அதனால் வயதாக ஆக ஆண்டுகள் பறக்கின்றன. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் 112 நிமிடம் பிள்ளைக்குத்தான் நீளமாகவும் பெரியவருக்குக் குட்டையாகவும் தோன்றவேண்டும். நடப்பது நேர்மாறு.

காரணம், ஆண்டுகளின் ஓட்டத்தை உணர்வது வேறு, நிமிடங்களின் ஓட்டத்தை உணர்வது வேறு. டான் சக்காய், ரிச்சர்டு பிளாக் ஆகியோர் 1990களில் வகுத்த மாதிரிப்படி, மனத்துக்குள் துடிப்புகளை எழுப்பும் ஒன்று இருக்கிறது. துடிப்புகளை எண்ணிச் சேர்க்கும் ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மதகு. காலத்தின்மேல் கவனம் வைத்தால் மதகு திறக்கிறது, நிறையத் துடிப்பு சேர்கிறது, நேரம் நீள்கிறது. கவனம் கதையில் இருந்தால் மதகு அடைபடுகிறது, நேரம் சுருங்குகிறது. கூடைப்பந்து இறுதியாட்டத்தோடு தொடங்கும் மூன்றாம் படத்தில் பிள்ளையின் மதகு முதல் காட்சியிலேயே அடைபட்டுவிடும். பெரியவரோ கடிகாரத்தைப் பார்க்கிறார், மதகை இன்னும் அகலத் திறக்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் அந்த எவ்வளவு நேரத்தை நீட்டுகிறது.

படம் முடிந்தபின் கணக்கு புரண்டுவிடும். கடந்த நேரத்தைத் திரும்பிப் பார்த்து அளக்கும்போது மூளைக்கு உதவுவது நினைவில் தங்கிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை. பெரியவரின் நினைவில் தங்கியது நாலைந்து காட்சி. பிள்ளையின் நினைவில் ஒவ்வோர் ஆட்டமும், உடையும், சிரிப்பும் இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், பெரியவருக்கு அந்தப் பிற்பகல் சின்னதாகச் சுருங்கியிருக்கும். பிள்ளைக்கு அது நீண்ட திருநாள்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயது ஏற ஏற உள்காதின் உணர்மயிர்ச் செல்கள், முதலில் மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பிடிப்பவை, குறைந்துகொண்டே வருகின்றன. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது கடினமாகிறது. இருநூறு பிள்ளைகள் கூச்சலிட்டுப் பாடும் அரங்கில் வசனத்தைத் தொடர்வது ஐம்பது வயதுக் காதுக்கு உண்மையிலேயே கூடுதல் உழைப்பு.

இரண்டு மூளைகளும் வேறுவேறு படம் பார்க்கின்றன என்பதற்கு ஸ்கேன் சான்றும் உண்டு. ஜெசிகா கான்ட்லன், ரோசா லீ இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 27 பிள்ளைகளும் 20 பெரியவர்களும் ஸ்கேன் எந்திரத்துக்குள் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியை 20 நிமிடம் பார்த்தார்கள். பெரியவர்களின் மூளை இயக்கம் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. பிள்ளைகளின் மூளை வயதுக்கேற்ப அந்தப் பாங்கை நெருங்கியது. பெரியவர் பாங்கை நெருங்கிய பிள்ளைகள் கணக்குத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ட்வீன் இசைப்படத்தை வைத்து இப்படி ஆராய்ந்தால் பெரியவர்கள் இயல்பான நிலையில் இருப்பார்களா என்பது வேறு கேள்வி.

ஸ்கேனே வேண்டாம், காற்று போதும் என்கிறது ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வு. மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் ஜானதன் வில்லியம்ஸ், திரையரங்கின் காற்று வெளியேறும் குழாயில் கருவி பொருத்தி, பார்வையாளர் மூச்சில் கலந்திருக்கும் பொருள்களை அளந்தார். ‘தி ஹங்கர் கேம்ஸ்: கேட்சிங் ஃபயர்’ படத்தில் பரபரப்பான இடம் வந்தபோதெல்லாம் கரியமில வாயுவும் ஐசோப்ரீனும் ஒரே மாதிரி எகிறின. ஐசோப்ரீன் தசையில் தேங்கும் பொருள். உடல் இறுகினாலோ அசைந்தாலோ மூச்சில் வெளியேறும். இம்முடிவு 2016இல் வந்தது. 2018இல் 11 படங்களின் 135 திரையிடல்களை வைத்து, ஐசோப்ரீன் அளவைக்கொண்டு ஒரு படம் எந்த வயதினருக்கு ஏற்றது என்று மதிப்பிட முடியுமா என்றும் பார்த்தார்கள், ஓரளவு முடிந்தது. உச்சக்கட்டத்தில் இருக்கை நுனிக்கு வரும் பிள்ளையும், கால் மரத்துப்போய் உட்காரும் நிலையை மாற்றும் சித்தப்பாவும் ஒரே ஐசோப்ரீனைத்தான் விடுவார்கள். தனியாள் யார் எதற்கு நெளிந்தார் என்று குழாயில் வரும் காற்று சொல்லாது.

இவ்வளவு இருந்தும் ஏன் உட்காருகிறார்கள்? பரிணாமவியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. உறவினருக்குச் செய்யும் உதவி, பகிர்ந்திருக்கும் மரபணுவின் விகிதத்தில் உதவுபவருக்கும் பயன் தரும் என்று டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964இல் சூத்திரமாக்கினார். பேரப்பிள்ளைக்கும் அக்காள் பிள்ளைக்கும் அந்த விகிதம் நான்கில் ஒன்று. இரண்டு மணிநேரச் சலிப்பு அதற்கு அதிக விலையன்று. சூத்திரம் தாத்தாவின் மனத்தில் ஓடுவதில்லை. அது பாசமாகத்தான் உணரப்படுகிறது. எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் 2021இல் 50 பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டி ஸ்கேன் எடுத்தார். மற்றவர் உணர்வை அப்படியே தன் உணர்வாக வாங்கிக்கொள்வதோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்தன. வளர்ந்துவிட்ட சொந்த மகன் அல்லது மகளின் படத்தைக் கண்டபோதோ, அவர் என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார் என்று அறிவால் புரிந்துகொள்ளும் பகுதிகளே கூடுதலாக விழித்தன. பேத்தி சிரித்தால் பாட்டியும் சிரிக்கிறார்; திரையில் என்ன நடந்தது என்று பாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திரையைப் பார்க்கும் பெரியவருக்கு நீளும் நேரம், பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பெரியவருக்கு அவ்வளவு நீள்வதில்லை என்பது சக்காய், பிளாக் மாதிரியோடும் ஒத்துப்போகிறது.

தாளத்துக்கும் தனி வேலை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி 2014இல் வெளியிட்ட சோதனையில், 14 மாதக் குழந்தைகளை மார்போடு கட்டிய பையில் சுமந்து இசைக்கேற்பக் குதிக்கவைத்தார்கள்; எதிரே ஒரு பெண் சில குழந்தைகளுக்கு அதே தாளத்திலும் சிலருக்குத் தாளம் மாறியும் குதித்தார். பிறகு அவர் பொருள்களைக் கை தவறிக் கீழே போட்டபோது, ஒரே தாளத்தில் குதித்த குழந்தைகளே அதிகம் எடுத்துக்கொடுத்தார்கள். சேர்ந்து பாடுவதும் ஆடுவதும் வலிதாங்கும் திறனைக் கூட்டுகின்றன, அந்நியரையும் நெருங்கவைக்கின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பாரின் குழு கண்டது. மூன்றாவது பாட்டில் விருப்பமில்லாமல் கைதட்டத் தொடங்கும் மாமாவுக்கு இருக்கை சற்றுக் குறைவாக வலிக்கலாம்.

பெரியவர் ரசனையும் பிள்ளைக்குள் இறங்குகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல் 2013இல் இருபது வயதையொட்டியவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான வெற்றிப்பாடல்களைக் கேட்கவைத்தார். அவர்கள் காலத்துப் பாட்டுகளோடு, பெற்றோர் இளைஞராக இருந்த 1980களின் தொடக்கப் பாட்டுகளும் நினைவும் உணர்வும் கூடியவையாக மேலெழுந்தன. அதற்கும் முந்தைய 1960களில் இன்னொரு மேடு. வீட்டில், காரில் பெரியவர்கள் ஓடவிட்டவை அவை. அன்று பிள்ளைக்காகச் சகித்துக்கொள்ளப்பட்ட ஹைஸ்கூல் மியூசிக்கல் பாடல்கள், 2006இல் பத்து வயதாக இருந்தவர்கள் பெற்றோராகும்போது இதே வழியில் அடுத்த தலைமுறைக்குள் போகும்.

கடைசிக் கட்டம் திரையரங்குக்கு வெளியே நடக்கிறது. வீடு திரும்பும் வழியில் பின்னிருக்கையில் பிள்ளை தூங்கிவிடும். ஓட்டுபவர் தலைக்குள் பல்லவி ஓடத் தொடங்கும். இப்படி ஒட்டிக்கொள்ளும் பாட்டை ஜெர்மானியர் காதுப்புழு என்பார்கள். கெல்லி யாகுபோவ்ஸ்கி குழு 3,000 பேர் தந்த தகவல்களைக்கொண்டு 2016இல் அலசியதில், ஒட்டும் பாடல்கள் வேகமானவை, மெட்டின் ஏற்ற இறக்கம் பழகிய பாங்கில் இருப்பவை, ஆனால் எங்கோ ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு தாவலோ திரும்பத் திரும்ப வரும் சுரமோ உள்ளவை என்று தெரிந்தது. அண்மையில், பலமுறை கேட்டிருப்பதும் முக்கியம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐரா ஹைமன் செய்த சோதனைகளில், வேலை மிக எளிதாக இருந்தபோதும் மிகக் கடினமாக இருந்தபோதும் பாட்டு உள்ளே புகுந்தது. பழகிய சாலையில் இரவில் கார் ஓட்டுவது முதல் வகை. நடுத்தரமான கடினம் கொண்ட புதிர் ஏதாவது கையிலிருந்தால் பாட்டு விலகி நிற்கும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் பீமன் 2015இல் இன்னும் மலிவான மருந்து ஒன்றைச் சொன்னார்: சூயிங்கம் மெல்லுவது. மனத்துக்குள் பாடுவதும், பேச்சுக்கு உதவும் தாடையையும் நாவையும் இயக்கும் மூளையின் ஏற்பாட்டையே ஓரளவு பயன்படுத்துகிறது. அவை மெல்லுவதில் மும்முரமாக இருந்தால் உள்பாட்டு தடுமாறுகிறது.

ஹைமனின் ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. தலைக்குள் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை, அதைச் சொன்னவர்களுக்குப் பிடித்த பாடல்கள்.